தினமும் நடக்கிறார், ஆனாலும் நாற்காலியிலிருந்து எழச் சிரமப்படுகிறார்: எழுபதைக் கடந்தவருக்கு எடைப்பயிற்சி ஆகுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். இருந்தும் ஓராண்டாகத் தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. எடைப்பயிற்சி செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். இந்த வயதில் அது ஆபத்து என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். நடையைக் கூட்டினால் போதாதா?

பதில்: போதாது. சமதரையில் நடப்பதற்குத் தொடைத் தசையின் முழு பலத்தில் சிறு பங்கே தேவைப்படுகிறது. தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதற்கோ, பலம் குறைந்த முதியவருக்கு அந்தப் பலம் ஏறத்தாழ முழுவதும் தேவைப்படலாம். வயது ஏற ஏற முதலில் மெலிவது, விரைவாகவும் வலுவாகவும் சுருங்கக்கூடிய தசை இழைகள்தாம். நிதானமான நடை அவற்றுக்குப் பெரிதாக வேலை கொடுப்பதில்லை என்பதால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் தவறாமல் நடந்துகொண்டே தொடையின் பலத்தை இழக்க முடியும்.

இதற்காக நடையைக் குறைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிட உடலுழைப்பும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து, 60 வயதைக் கடந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பை 71 விழுக்காடு குறைத்தன. நடையோடு கால் பலப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் செய்யப்பட்டு 2014இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு காட்டியது. சராசரியாக 2.6 ஆண்டுகளில், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடு, உடல்நலம் குறித்த வகுப்புகளுக்கு மட்டும் வந்த குழுவில் 35.5 விழுக்காடு. வித்தியாசம் மிதமானதுதான். ஆனால் இதே பலனைத் தரும் மாத்திரை எதுவும் என் கையில் இல்லை.

உறவினர்களின் அச்சத்துக்கு 1990லேயே பதில் கிடைத்துவிட்டது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன, தளர்ந்துபோன பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் குழுவினர் எட்டு வாரம் கடுமையான கால் பலப்பயிற்சி அளித்தார்கள்; அதை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பின்னர் நூறு பேரிடம் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி பெற்றவர்களின் பலமும் நடைவேகமும் மாடி ஏறும் திறனும் கூடின. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. டப்பா டப்பாவாகப் புரதப்பொடி வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பாவை நாற்காலியிலேயே உட்கார வைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்குத் தசை இன்னொரு வகையிலும் முக்கியம். இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சர்க்கரையில் பெரும்பகுதி தசைக்குள்தான் போகிறது. தசை குறைந்தால் அது போய்ச்சேரும் இடமும் குறைகிறது.

தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எழ முடியாமைக்கு மூட்டுத் தேய்மானம், வைட்டமின் டி குறைவு, தைராய்டு கோளாறு, பார்க்கின்சன் நோய், இடுப்புத் தண்டுவட நெருக்கம் என வேறு காரணங்களும் இருக்கலாம். பலவீனம் ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, சில வாரங்களில் திடீரென வந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி, கட்டுப்படாத இரத்த அழுத்தம், விழித்திரையில் இரத்தக்கசிவு, பாதத்தில் புண் ஆகியவை இருந்தால் அவற்றைக் கவனித்த பிறகே பயிற்சி.

பயிற்சிக்கு வீட்டு நாற்காலியே போதும். அதைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி ஐந்துமுறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். முதுமைத் தசை இழப்பு குறித்த ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைந்திருப்பதாகக் கொள்ளலாம். அவரால் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால், இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டி அங்கிருந்து தொடங்குங்கள். எட்டு முதல் பன்னிரண்டு முறை எழுந்து உட்கார்ந்து, சற்று ஓய்ந்து, மறுபடி ஒரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒருநாள் இடைவெளி. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் மெத்தையை எடுத்துவிடலாம். அதன்பின் கையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று எடையைச் சேர்க்கலாம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்: அரைக் கிலோ டம்பெல்லை ஆண்டுக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருந்தால் தசை வளராது. எழும்போது மூச்சை அடக்காமல் வெளிவிட வேண்டும், அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். இவற்றோடு, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவதையும், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளிமிபிரைடு போல இன்சுலின் சுரப்பைத் தூண்டும் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போதும் அதன் பிறகும் சர்க்கரை தாழக்கூடும். வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். தொடக்க வாரங்களில் முன்னும் பின்னும் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

உணவில், முதியவருக்கு உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது வல்லுநர்களின் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான் என்பதால், காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம் என்று சாப்பிடுபவர் இதை எட்டுவது கடினம். ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், தயிர், சுண்டல், பருப்பு இவற்றில் ஏதாவது ஒன்று தாராளமாக இருக்கட்டும். நீரிழிவு சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் இந்த அளவு பொருந்தாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின் சோதனைகளைப் பார்த்தபின் மருத்துவர் சொல்லும் அளவே சரி.

மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில், அதே ஐந்துமுறைச் சோதனையைச் செய்து விநாடிகளை முதலில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ செல்லுங்கள். இடையில் காய்ச்சலோ மருத்துவமனை வாசமோ வந்தால் கணக்கு மாறும்: நலமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அப்படிப் படுத்து எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராமல், மறுபடி மெத்தை போட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.