கோடாலிக்குப் பிடி போடுதல்: கேள்வி பதில்

முதன்முறையாகத் தாங்களே பிடி செதுக்க இறங்கியிருப்பவர்கள் கேட்டவை இவை. மாங்குளத்தில் தச்சு வேலையே தொழிலாகக் கொண்ட நான், என் கை அறிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, முதிரை மரத்தில் பிடி போட்டால் ஆயுளுக்கும் நிற்கும் என்கிறார் அப்பா. சரியா? (நெடுங்கேணி)

கதவுக்கும் கட்டிலுக்கும் முதிரைக்கு ஈடில்லை, தம்பி. ஆனால் அதன் நார் பின்னிப் பின்னி ஓடும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போகும் சீவுளி, அடுத்த விரற்கடையில் பிய்த்து எடுக்கும். அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். சமண்டலையில் தொடங்குங்கள். அடி விழும்போது வளைந்து கொடுத்து மீளும் மரம் அது. கப்பல் வணிகர்கள் 'திருகோணமலை மரம்' என்று பெயர் சொல்லி வாங்கியதும் அதைத்தான். காட்டில் போய் வெட்டிவிடாதீர்கள், அனுமதி இல்லாவிட்டால் வழக்கு. மர ஆலையில் மூன்றடித் துண்டு கேளுங்கள், பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

எந்த மரமானாலும் நாரைப் பாருங்கள். அது தலையிலிருந்து அடிவரை ஓடவேண்டும். நடுவிலே பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் பிடி முறியும்.

எங்கள் காணியில் சரிந்த பாலை மரம் இருக்கிறது. அறுத்துப் பார்த்தால் நடுவே கருநீலக் கறை. பூஞ்சணமா? (புதுக்குடியிருப்பு)

இரும்பாக இருக்கலாம், பிள்ளை. மரத்திலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். நம் பக்கத்து மரங்கள் பல, போரில் வெடித்த ஷெல் துண்டுகளை விழுங்கி மேலே பட்டை மூடி நிற்கின்றன. கறை தொடங்கும் இடத்திலேயே வாளை நிறுத்துங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள்; ஆழத்தில் கிடந்தால் காந்தம் காட்டாது. கறை பிடித்த பகுதியை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். வாள் பல் பறந்து முகத்தில் அடித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கோடாலித் தலையின் துளைக்குள் பிடி ஒரு பக்கம் இறுகுகிறது, மறுபக்கம் ஆடுகிறது. எங்கே சீவுவது?

கண்ணை நம்பிச் சீவினால் கெடும். மண்ணெண்ணெய் விளக்கின் கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்துத் துளையின் உட்சுவரில் மெல்லப் பூசுங்கள். பிடியை நுழைத்து, தலை கீழே தொங்கும்படி தூக்கிப் பிடித்து, அடி நுனியில் மரச்சுத்தியலால் இரண்டு தட்டு. தலையின் பாரமே அதைப் பிடியில் ஏற்றிவிடும். பிறகு கழற்றிப் பாருங்கள். கரி ஒட்டிய இடம் முட்டும் இடம். அதை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி நுழைத்துப் பாருங்கள். இருபது தடவை கழற்ற நேர்ந்தாலும் சலிக்காதீர்கள். கரி சுற்றிவர ஒரே சீராகப் படியும்போது பொருத்தம் வந்துவிட்டது. துப்பாக்கிக்கு மரக்கட்டை பொருத்துபவர்களும் இதே கரிப்பூச்சு முறையைத்தான் கையாள்கிறார்கள்.

தலை கழலாமல் இருக்கப் பிடியின் மேல்நுனியில் அடித்து இறக்கும் ஆப்பும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும்.

கழன்ற பிடியை வாளித் தண்ணீரில் போட்டால் இறுகுகிறதே?

அன்றைக்கு இறுகும். ஊதிய நார் இரும்பில் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துவிடும். மாரியில் பச்சையாகப் போட்ட பிடி, வறண்ட தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் ஆடுவதும் காய்ந்து சிறுப்பதால்தான். அதனால் வெட்டிய துண்டின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டே வேலை தொடங்குங்கள்.

மெருகுக்குத் தேங்காயெண்ணெய் போதுமா, வார்னிஷ் வேண்டுமா? (கிளிநொச்சி)

தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் மரத்தில் உறையாது, பிசுக்காகவே நிற்கும். வார்னிஷ் வியர்த்த கையில் கொப்புளம் போடும். ஆளிவிதை எண்ணெய்தான் மரத்துக்குள் இறங்கி உறையும்.

அதற்கு முன்னால் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் பிடியைச் சுரண்டுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. பூப்போலச் சுருள் வரும். பிறகு 120, 180, 240 எண் சாண்ட் பேப்பர். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நாரெல்லாம் சிலிர்த்து எழும். காய்ந்தபின் அதையும் தேய்த்துவிடுங்கள். எண்ணெயை மெல்லிதாகப் பூசி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுபூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான். மூன்று நான்கு பூச்சுப் போதும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவே வேண்டாம். அந்த எண்ணெய் உறையும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகத் தீப்பற்றும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.