வாய் திறக்காத புதுப் பிள்ளை: வகுப்பில் பேச வைப்பது எப்படி?

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருந்து வந்த கேள்விகளுக்கு, தொடக்கப் பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, செவ்வாய்ப்பேட்டை பக்கம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிப் பட்டறை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பெண் பிள்ளை. சேர்ந்து இரண்டு மாதமாகியும் வாயே திறக்கவில்லை. ஊமையோ என்று உடன் வேலை செய்பவர் கேட்கிறார்.

பதில்: அந்தப் பேச்சு அவள் காதில் விழவே கூடாதும்மா. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் சில வாரமோ சில மாதமோ கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பேச மாட்டார்கள். "நோட்டை எடு" என்றால் எடுக்கிறாளா என்று பாருங்கள். எடுத்தால் தமிழ் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

எழுப்பி நிறுத்தி "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்காதீர்கள். பெயர் கூப்பிடும்போது கை தூக்கினாலே போதும் என்று விடுங்கள். "உள்ளேன் டீச்சர்" தினமும் அத்தனை பேர் வாயிலிருந்தும் கேட்கிறாள், ஒருநாள் அவளும் சொல்லிவிடலாம். சொன்னால் ஊரைக் கூட்டிக் கைதட்ட வேண்டாம். லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.

"இது என்ன?" என்று கேட்பதைவிட "இது மாம்பழமா, வாழைப்பழமா?" என்று கேளுங்கள். விடை கேள்வியிலேயே இருப்பதால் பயம் குறையும். எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டில் நிற்கட்டும், அப்புறம் ஒரே ஒரு தோழியோடு செய்யும் வேலை கொடுங்கள். இடைவேளையில் பாண்டி ஆட விடுங்கள். தலையைத் தூக்கிக்கொண்டு "ரைட்டா?" என்று கேட்க வேண்டும், மற்றவர்கள் "ரைட்டு" என்று சொல்ல வேண்டும். எந்த மொழிப் பிள்ளைக்கும் வாயில் வந்துவிடும்.

கேள்வி: எங்கள் காம்பவுண்டில் பீகார் குடும்பம் இருக்கிறது. வீட்டிலும் தமிழிலேயே பேசச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாங்க. அம்மாவிடம் மனம்விட்டுப் பேசும் மொழியையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே பேசும்? நம் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் எத்தனை வீடுகளில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் பேசுகிறார்கள்! அந்தப் பிள்ளைகள் தமிழில் எந்தக் குறையும் வைக்கவில்லையே. விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத் தமிழுக்கு 5 முதல் 7 வருடம்கூட ஆகலாம். சரளமாகப் பேசுகிறானே, பரீட்சையில் ஏன் மார்க் இல்லை என்று அப்போது திட்டாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்க வந்த ஜார்க்கண்ட் குடும்பம். பாதி வருடத்தில் டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஒரு பள்ளியில் சொல்கிறார்கள்.

பதில்: சேர்த்தே ஆக வேண்டும். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை டி.சி. வரவில்லை, சேர்க்கை முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் போட்டால் கூச்சத்திலேயே வாயை மூடிக்கொள்வான்.

கேள்வி: மற்ற பிள்ளைகள் "இந்திக்காரன்" என்று கூப்பிடுகிறார்கள், மேடம்.

பதில்: அன்றைக்கே நிறுத்துங்கள். முதலில் நீங்கள் அவன் பெயரை அவன் அம்மா கூப்பிடுவது போலவே சரியாகக் கூப்பிடப் பழகுங்கள்.

கேள்வி: பிள்ளை பேசாமலே இருந்தால் எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: தன் மொழி தெரிந்த இன்னொரு பிள்ளையோடு பள்ளியில் பேசுகிறதா என்று கவனியுங்கள். பேசினால் பொறுத்திருக்கலாம். வீட்டில் கலகலப்பாக இருந்துவிட்டு, பள்ளியில் சொந்த மொழியில்கூட வாய் திறக்காமல், பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை விட்டுவிட்டு, அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் அது பதற்றமாக இருக்கலாம். வீட்டிலும் பேச்சு குறைவு என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். இரண்டுக்குமே சேலம் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். அம்மாவுக்குத் தமிழ் வராது என்றால் மொழி தெரிந்த ஒருவரையும் கூட அனுப்பி வையுங்கள்.