திருகோணமலையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணித்தியாலம்?

நேர்கோட்டில் சுமார் 8,670 கி.மீ. திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்தில் சர்வதேசப் பயணிகள் சேவை இல்லாததால் கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அங்கிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் சுமார் 8,700 கி.மீ. உண்மையில் லண்டனுக்குத் திருகோணமலைதான் ஒரு துளி கிட்ட!

நேரடி விமானம் போகும்போது ஏறக்குறைய 11 மணித்தியாலம் எடுக்கும். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பத்துக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, போகும்போது அது எதிர்க்காற்று. பாதையும் நேர்கோடு இல்லை. திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளுவதால் அரை மணித்தியாலமளவு மிஞ்சும்.

பலர் பிழைவிடுவது டிக்கெட்டைப் பார்க்கும்போதுதான். புறப்பாடு 13.00, வருகை 18.30 என்றிருந்தால் ஐந்தரை மணித்தியாலப் பயணம் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால், ஆகவே பயணம் 11. மார்ச் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரைதான். ஹீத்ரோவுக்குக் கூட்டிப்போக வருபவர்களுக்கு லண்டன் நேரத்தையே சொல்லுங்கள்.

உண்மையில் திட்டமிட வேண்டியது தரைவழியை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க ஏறத்தாழ 240 கி.மீ., வேனில் ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம். பகல் 1 மணி விமானமென்றால் காலை 10 மணிக்கு அங்கே நிற்க வேண்டும், வழித் தாமதத்துக்கு ஒரு மணித்தியாலம் சேர்த்து இரவு 3 மணிக்காவது வெளிக்கிட வேண்டும். அப்படிப் போனால் கந்தளாய்–ஹபரணைத் துண்டு நாலு, நாலரைக்கு வரும். நல்ல இருட்டு, யானை வீதியைக் கடக்கும் நேரம். வேகத்தை 50க்குக் குறைக்கச் சொல்லுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹோர்ன் அடிக்கவோ லைட்டை மின்னவோ கூடாது, அது விலகும்வரை பொறுக்க வேண்டும். அதற்கென்று அரை மணித்தியாலம் கூட்டி 2.30க்கு வெளிக்கிடுவது நல்லது. வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் முதல்நாள் பகலிலேயே போய் நீர்கொழும்பில் தங்குங்கள், என் தெரிவு அதுதான். இரவு ரயிலில் போனால் கொழும்புக் கோட்டையில் இறங்கி 187 பஸ் எடுக்கலாம். ஆனால் ரயில் பிந்தினால் சமாளிக்க இடைவெளி வேண்டும், காலை விமானத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

வீட்டு வாசலிலிருந்து ஹீத்ரோ வாசல் வரை 22 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோஹா வழியாகப் போனால் தூரம் அவ்வளவு கூடாது: கட்டுநாயக்க–தோஹா 3,600 கி.மீ.யும் தோஹா–லண்டன் 5,240 கி.மீ.யும். பறப்பது ஏறக்குறைய ஐந்தும் ஏழுமாக 12 மணித்தியாலம். நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான். இரண்டு பறப்பும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறும்போது புது டிக்கெட்டுக் காசு உங்கள் தலையில்தான் விழும், பெட்டியும் லண்டன் வரை தானாக வராது.