பழைய காரின் மெயின் ஃபியூஸை நாமே மாற்றலாமா?

உங்கள் 2000ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா சிட்டிக்குப் புது பேட்டரி வைக்கும்போது பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போய், பெரிய தீப்பொறி ஒன்று வந்ததாகவும், அதற்குப் பிறகு உள்விளக்கு முதல் ஹாரன் வரை எதுவும் வேலை செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெயின் ஃபியூஸ் போயிருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள், அதை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பது உங்கள் கேள்வி. தாராளமாக முடியும். கழற்றி மாட்டுவது சிறிய வேலைதான். ஆனால் புது ஃபியூஸைக் கையில் எடுப்பதற்கு முன், பழையதை உருக்கிய கோளாறு வண்டிக்குள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பலரும் தாண்டிப்போகும் இடம் அதுதான். அதே தலைமுறை சிட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அதன் எலக்ட்ரிகல் வேலைகளை நானே பார்த்துவருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து இரண்டு வழிகளில் மின்சாரம் கிளம்பும். கனமான வயர் ஒன்று நேராகச் செல்ஃப் மோட்டாருக்குப் போகும். அதற்கு நடுவில் ஃபியூஸ் கிடையாது. மற்றொன்று பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டியின் வாசலில் நிற்பதுதான் மெயின் ஃபியூஸ். தலைவிளக்கு, வைப்பர், பெட்ரோல் பம்ப், இன்ஜின் கம்ப்யூட்டர், மீட்டர் போர்டு என எல்லாவற்றுக்கும் மின்சாரம் இதைக் கடந்துதான் போகிறது. சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாரைச் சுற்றச் சொல்லும் மெல்லிய வயருக்கும் இந்தப் பெட்டியிலிருந்தே மின்சாரம் வருவதால், மெயின் ஃபியூஸ் போன வண்டியில் செல்ஃபும் எடுக்காது. எதிர்த்திசையிலும் இதற்கு ஒரு வேலை உண்டு. ஆல்டர்னேட்டர், அதாவது நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னமும் டைனமோ என்று சொல்கிறார்களே, அது தயாரிக்கும் மின்சாரமும் இந்த ஃபியூஸ் வழியாகத்தான் பேட்டரிக்குப் போய்ச் சேருகிறது.

உங்கள் வண்டிக்கு என்ன நடந்தது என்பது இதிலிருந்தே விளங்கிவிடும். ஆல்டர்னேட்டருக்குள் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடுகள், குறைந்தது ஆறு, இரண்டு வரிசைகளாக இருக்கின்றன. பேட்டரி சரியாக மாட்டப்பட்டிருக்கும்வரை அவை பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி வராதபடி அடைத்து நிற்கும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் அதே டயோடுகள் திறந்த பாதையாகிவிடும். நல்ல பேட்டரி அந்தப் பாதையில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். மெயின் ஃபியூஸ் நிதானமான வகையைச் சேர்ந்தது. வரம்பை லேசாகத் தாண்டினால் நிமிடக்கணக்கில்கூடத் தாங்கும்; பல மடங்கு வந்தால் சட்டென்று உருகிவிடும். அப்படி உருகி டயோடுகளைக் காப்பாற்றியிருக்கலாம். அல்லது அதற்குள் டயோடுகள் வெந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகியும் இருக்கலாம். வரிசைக்கு ஒன்றாக இரண்டு டயோடுகள் போயிருந்தால், பேட்டரியைச் சரியாக மாட்டிய பிறகும் புது ஃபியூஸ் மாட்டிய கணமே போய்விடும்.

முதலில், போயிருப்பது மெயின் ஃபியூஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் மெயின் ஃபியூஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஹோண்டாக்களில் வெயிலில் நின்ற வண்டி அப்படி அடம்பிடித்தால், பெட்ரோல் பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலேக்குள் சால்டர் விரிசல் விட்டிருப்பது வழக்கமான காரணம். அது வேறு பொருள், வேறு வேலை. உங்கள் வண்டியில் எதற்குமே உயிர் இல்லை என்பதால் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மற்றவற்றைவிடப் பெரிதாக, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னலுடன் ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் தகடு அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். ஜன்னல் மங்கிப்போயிருந்தால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரியின் மைனஸில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை ஃபியூஸின் இரு பக்கமும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 12.6 வோல்ட்டும் மறுபக்கம் பூஜ்யமும் காட்டினால் சந்தேகமே வேண்டாம். தகட்டில் மயிரிழை விரிசல் இருக்கும்போது மீட்டர் இரண்டு பக்கமும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றுவதுண்டு, ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. பல்ப் வைத்த டெஸ்ட் லேம்ப் அப்படி ஏமாறாது. எனவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும் வேலையை பேட்டரியின் மைனஸிலிருந்து தொடங்குங்கள். 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் எங்காவது தட்டினாலே ஷார்ட் ஆகிவிடும்; மைனஸைக் கழற்றிவிட்ட பிறகு அந்தப் பயம் இல்லை. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசியில் வர வேண்டும். அடுத்ததுதான் பலர் பெட்டியையே உடைத்துவிடும் இடம். மற்ற ஃபியூஸ்கள் இழுத்தால் கையோடு வந்துவிடும், இது வராது. இரண்டு ஸ்டார் ஸ்குரூக்கள் இதன் கால்களை வயர் லக்குகளோடு, அதாவது வயர் முனையில் இருக்கும் துளையுள்ள உலோகத் தகடுகளோடு, சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றிய பிறகுதான் ஃபியூஸ் நேராக மேலே வரும். வேறு சில கம்பெனி வண்டிகளில் இந்த ஸ்குரூக்கள் பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒளிந்திருக்கும். அங்கே பெட்டியையே அவிழ்த்துத் தூக்கினால்தான் கை போகும். இருபது வருடம் சூட்டில் கிடந்த ஸ்குரூ லேசில் அசையாது. தேய்ந்த ஸ்குரூடிரைவரால் ஒருமுறை வழுக்கவிட்டால் தலை மழுங்கி, பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் போகும். துருவுக்கு அடிக்கும் ஆயிலை ஒரு சொட்டு விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவரை நன்றாக அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். சாமணத்தால் கவ்விக்கொள்வதும் நல்லது, ஸ்குரூ கீழே விழுந்தால் இன்ஜினுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும்.

ஃபியூஸ் வெளியே வந்ததும் புதியதை மாட்டிவிடத் தோன்றும், பொறுத்திருங்கள். பழைய தலைவிளக்கு பல்ப் ஒன்றை, 60 வாட் இழை நன்றாக இருக்கும் ஒன்றை, எடுத்து அதன் இரு முனைகளிலும் வயர் இணைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தின் இரண்டு லக்குகளுக்கும் நடுவில் கட்டுங்கள். சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்திவிட்டு, பேட்டரி மைனஸை மாட்டுங்கள். வண்டிக்குள் பெரிய ஷார்ட் இல்லையென்றால் பல்ப் இருட்டாகவே இருக்கும். கதவைத் திறந்தால் உள்விளக்கு வழக்கம்போல எரியும், அப்போதும் இந்த பல்ப் எரியாது. ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரியும். அப்போது பல்ப் வழியாக ஓடுவது 5 ஆம்பியர் மட்டுமே என்பதால் எந்த வயருக்கும் ஆபத்து இல்லை, புது ஃபியூஸும் வீணாகாது. பல்ப் கண்ணாடி கடுமையாகச் சூடாகும். பிளாஸ்டிக் மீதோ ரப்பர் குழாய் மீதோ சாய்த்து வைக்காதீர்கள். எரிந்தால் மைனஸை மறுபடி கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்புறம் நட்டில் இறுக்கியிருக்கும் கனமான வயரை அவிழ்த்து, அதன் முனையில் டேப் சுற்றி ஒதுக்கி வைத்து, திரும்பவும் சோதியுங்கள். இப்போது பல்ப் அணைந்திருந்தால் குற்றவாளி ஆல்டர்னேட்டர்தான். டயோடு தட்டை மட்டும் மாற்றித் தரும் கடைகள் பெரும்பாலான ஊர்களில் இருக்கின்றன. அணையவில்லை என்றால் பெட்டியில் இருக்கும் 40, 50 ஆம்பியர் ஃபியூஸ்களையும் சிறியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது பல்ப் அணைகிறதோ அந்த வழியில் ஷார்ட் இருக்கிறது. எலி கடித்த வயர், தகரத்தின் ஓரத்தில் உரசித் தேய்ந்த வயர், பின்னாளில் யாரோ சேர்த்த ஹாரன் அல்லது ஆம்ப்ளிஃபையரின் வயர் ஆகியவற்றை முதலில் தேடுங்கள்.

வாங்க வேண்டிய ஃபியூஸின் எண் மூடியின் உட்புற வரைபடத்திலும் பழைய ஃபியூஸின் தலையிலும் இருக்கும். என் வண்டியில் அது 80. இந்த வகையில் 60 மஞ்சள், 80 கருப்பு, 100 நீலம் என்று நிறம் வருவது வழக்கம் என்றாலும், நிறத்தை நம்பாமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கால்களின் துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விசாரிக்கலாம். பெட்டியே கருகியிருந்தால் புதுப்பேட்டையில் பழைய பெட்டி தேடுவதில் தவறில்லை, ஆனால் ஃபியூஸ் மட்டும் புதியதாகவே இருக்கட்டும்.

80 கிடைக்கவில்லை, 100 போட்டுக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதைவிட மோசமானது, வழியில் நின்றுபோன வண்டிக்குச் செப்புக்கம்பியை முறுக்கிக் கட்டி அனுப்பிவிடும் பழக்கம். வீடுகளில் ஓட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒற்றைச் செப்புக்கம்பி திறந்த காற்றில் உருகுவதற்கே ஏறத்தாழ 190 ஆம்பியர் வேண்டும். அது உருகுவதற்குள் பெட்டிக்குப் பின்னால் போகும் வயர்க்கட்டின் பிளாஸ்டிக் உறை உருகி, ஒரு வயர் இன்னொன்றோடு ஒட்டி எரியத் தொடங்கிவிடும். பானெட்டுக்குள் பெட்ரோல் குழாயும் அருகிலேயே ஓடுகிறது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் இந்தக் காரியத்தை யாரும் செய்ய அனுமதிக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபியூஸ் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும்.

மாட்டும் முன் மைனஸ் கழன்றிருப்பதை உறுதி செய்துகொண்டு, இரண்டு லக்குகளையும் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளபளக்கும்படி செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இவற்றில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருக்கும். ஸ்குரூக்களை உறுதியாக இறுக்குங்கள், ஆனால் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு வேண்டாம். தளர்ந்த ஸ்குரூ சூடாகிச் சூடாகிக் காலப்போக்கில் நல்ல ஃபியூஸையே கெடுத்துவிடும். ஃபியூஸின் கால் பகுதி பழுப்பேறி இருந்தால் அதற்கு இதுதான் காரணம். சரியாக அமர்ந்திருக்கிறதா என்று அறிய, இன்ஜினை எடுக்காமல் தலைவிளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஒரு பக்கத்து லக்கிலும் மறுமுனையை மறுபக்கத்து லக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் இன்னொருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்வரை வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்று மெல்லக் குறைந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. ஒரே ஒரு டயோடு மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் நான் சொன்ன பல்ப் சோதனையில் அது சிக்காது. அதனால் இன்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி, இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை மட்டும் செய்ய வேண்டாம். கார்புரேட்டர் காலத்தில் அது தப்பித்திருக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் அதைக் கெடுத்துவிடும்.

கம்ப்யூட்டர் பிழைத்ததா என்பது உங்களுக்கு உள்ளூரக் கவலையாக இருக்கும். அதைச் செல்ஃப் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் மீட்டர் போர்டில் இன்ஜின் விளக்கு சுமார் இரண்டு நொடி எரிந்து அணைய வேண்டும். அதே நேரத்தில் பின்சீட்டுப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் சுற்றும் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் துணிந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டுமே இல்லையென்றால் டிரைவர் பக்கத்து டாஷ்போர்டின் கீழே உள்ள சிறிய ஃபியூஸ்களைப் பாருங்கள், தலைகீழ் இணைப்பில் அவற்றில் ஒன்றிரண்டும் சேர்ந்து போவது வழக்கம். அவையும் நன்றாக இருந்தால், அதற்கு மேல் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள். பேட்டரி எப்படி மாறி மாட்டப்பட்டது என்பதையும், நீங்கள் எடுத்த வோல்ட் அளவுகளையும், பல்ப் சோதனையில் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னால் அவர் முதலிலிருந்து தேடத் தேவையிருக்காது.