பெரியப்பாவின் இரும்புப் பெட்டி: பழைய ஆய்வுக் கடிதங்கள் பற்றிக் கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய காகிதம் என்றால் இன்றும் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். இந்த முறை செந்தூலிலிருந்து ஒரு தம்பி ஆரம்பித்து வைத்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

செந்தூல்: அண்ணே, காலமான பெரியப்பா 1950-களில் சிங்கப்பூரிலும் பிறகு இங்கேயும் உடலியங்கியல் ஆராய்ச்சி செய்தவர். இரண்டு இரும்புப் பெட்டி நிறையக் கடிதம் இருக்கிறது. நாடு வாரியாகப் பிரித்து, வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

தம்பி, இரண்டுமே வேண்டாம். பெரியப்பா எந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாரோ அப்படியே இருக்கட்டும். லண்டனிலிருந்து "முடிவுகள் எப்போது வரும்" என்று ஒரு கடிதம். அதற்கு அடுத்ததாகக் கருவி விற்பவர் எழுதிய "சரக்கு இன்னும் கப்பல் ஏறவில்லை" என்ற கடிதம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஆராய்ச்சி ஏன் ஆறு மாதம் நின்றது என்று புரியும். நாடு வாரியாகப் பிரித்தால் ஒன்று பிரிட்டனுக்குப் போகும், இன்னொன்று குப்பைக்குப் போகும்.

சிங்கப்பூரும் இங்கேயும் மாறி மாறி வருவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். மலாயா பல்கலைக்கழகம் 1949-ல் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. கோலாலம்பூரில் மருத்துவப் பிரிவு வந்தது 1960-களில்.

இன்னொரு முக்கியமான விஷயம். கடிதங்களுக்கு நடுவில் கன்னங்கரேல் என்று, வெள்ளைக் கோடு ஓடும் பளபளப்பான தாள் ஏதாவது அகப்பட்டால் கை வைக்காதீர்கள். அது கைமோகிராஃப் பதிவு. சுழலும் உருளையில் தாளைச் சுற்றி அதன் மேல் புகைக்கரி படிய வைப்பார்கள். சோதனைக்கு எடுத்த தவளைத் தசை சுருங்கும்போது அதோடு இணைத்த மெல்லிய முள் அந்தக் கரியைச் சுரண்டிக் கோடு போடும். பிறகு அரக்குக் கரைசலில் முக்கிக் காய வைப்பார்கள். கரைசல் சரியாகப் பிடிக்காத இடத்தில் விரல் பட்டால் 70 வருஷத்துத் தவளைத் தசை உங்கள் சட்டையில் வந்துவிடும். சில பேர் அதில் ஒரு துண்டைக் கத்தரித்துக் கடிதத்தோடு இணைத்து, "இதைப் பாருங்கள், நான் சொன்னது சரிதானே" என்று அனுப்பியும் இருப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அவர் அனுப்பிய கடிதம் அவரிடமே எப்படி இருக்கும்?

அது கார்பன் நகல். டைப்ரைட்டரில் நல்ல தாள், கார்பன், அதற்கு அடியில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள். மேலே உள்ளது தபாலில் போகும், அடியில் உள்ளது கோப்புக்கு வரும். இடது கீழ் மூலையில் இரண்டு மூன்று பெரிய எழுத்து, ஒரு சாய்கோடு, அப்புறம் சிறிய எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதலாவது கடிதத்தைச் சொன்னவர், இரண்டாவது அதைத் தட்டச்சு செய்தவர். அந்த அம்மாக்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வந்திருக்காது. ஒரு விஷயத்தில் கவனம்: கையெழுத்துப் போடும்போது மேல் தாளில் பேனாவால் சேர்த்த வரி நகலில் இருக்காது. அதனால் எதிர்த்தரப்பின் பதிலையும் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கிள்ளான்: என் மாமாவிடமும் இப்படி ஒரு கட்டு இருந்தது. அதில் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி அட்டை, "உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பவும்" என்று. எல்லாவற்றையும் எறிந்துவிட்டோம். பெரிய நஷ்டம் இல்லையே?

நஷ்டம்தான் அம்மா. செந்தூல் தம்பியாவது காப்பாற்றட்டும்.

ஜெராக்ஸின் அலுவலக நகல் இயந்திரம் சந்தைக்கு வந்ததே 1959-ல்தான். அதற்கு முன்னால் ஒரு கட்டுரை வேண்டுமென்றால், பத்திரிகை உங்கள் ஊர் நூலகத்துக்கு வராவிட்டால், எழுதியவரிடமே கேட்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் எழுதியவருக்கென்று தனியாக அச்சிட்ட பிரதிகள் கொடுப்பார்கள். அதைக் கேட்கத்தான் இந்த அட்டை. அச்சிட்ட வாக்கியம், நடுவில் கட்டுரைத் தலைப்புக்குக் காலி இடம், கீழே கையெழுத்து, அவ்வளவுதான்.

படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யார் உண்மையிலேயே படித்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. புகழுரை எழுதும் பெரிய மனிதர் படித்திருக்கவே மாட்டார். எங்கோ ஒரு ஊர் கால்நடைக் கல்லூரியிலிருந்து அட்டை போட்டவர் படிக்கத்தான் கேட்டார். வந்த தேதி, ஊர், எந்தக் கட்டுரை என்று மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினால் உங்கள் பெரியப்பாவின் பெயர் எந்தெந்த ஊருக்கு, எந்த வருஷம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். நான் என்றால் நோபல்காரர் கையெழுத்தைத் தேடுவதற்கு முன் இந்த அட்டைகளை எண்ணுவேன்.

தபால்தலைக்காக மூலையைக் கத்தரித்திருந்தால் அஞ்சல் முத்திரையும் தேதியும் போயிருக்கும். வீட்டுப் பிள்ளைகள் செய்த வேலை. என்ன செய்வது!

பினாங்கு, மருத்துவ மாணவி: விஞ்ஞானிகள் கடிதத்தில் சண்டை போடுவார்களாமே, சார்?

நன்றாகவே போடுவார்கள். நீங்கள் பாடத்தில் படித்த நரம்பு இணைப்பே அப்படி ஒரு சண்டையில் தீர்ந்ததுதான். ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போவது மின்சாரத்தாலா, வேதிப்பொருளாலா? லண்டனில் ஹென்றி டேல் வேதிப்பொருள் என்றார். நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பற்றிய வேலைக்காக 1936-ல் ஓட்டோ லோவியோடு நோபல் வாங்கியவர். ஆஸ்திரேலியர் ஜான் எக்கிள்ஸ் மின்சாரம் என்றார். வேதிப்பொருள் அவ்வளவு வேகமாக வேலை செய்ய முடியாது என்பது அவர் வாதம். 1935-ல் கேம்பிரிட்ஜ் கூட்டம் ஒன்றில் இருவரும் மோதிக்கொண்டதைப் பார்த்த பெர்னார்ட் கட்ஸ், ஜெர்மனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவர், கைகலப்பே ஆகிவிடும் போலிருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். ஆனால் அதே இருவரும் வருஷக்கணக்காக நட்போடு கடிதம் எழுதிக்கொண்டார்கள். மேடையில் திட்டு, தபாலில் ஆராய்ச்சி விவரம்.

1944-ல் எக்கிள்ஸ் நியூசிலாந்தின் டனீடனுக்குப் போனார். அதே நாட்டில், கிறைஸ்ட்சர்ச்சில் இருந்தவர் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர். உன் கருதுகோளை மழுப்பாமல் எழுது, எந்தச் சோதனையில் அது தோற்கும் என்று முன்கூட்டியே சொல், தோற்றால் அவமானமில்லை என்று அவருக்குத் தைரியம் கொடுத்தவர் பாப்பர்தான். எக்கிள்ஸ் அப்படியே செய்தார். 1951-ல் பூனையின் தண்டுவட நரம்பு செல்லுக்குள் கண்ணாடி மின்முனையைச் செருகி, செல்லைத் தடுக்கும் சமிக்ஞையைப் பதிவு செய்தார்கள். மின்னழுத்தம் அவர் கருதுகோள் சொன்னதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. தன் கொள்கை பொய்யென்று எக்கிள்ஸ் தன் சகாக்களோடு சேர்ந்து அச்சிலேயே எழுதி, டேல் பக்கம் வந்துவிட்டார். 1963-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

பரீட்சைக்கு முடிவு மட்டும் போதும். அந்த மனிதர் எப்படி மனம் மாறினார் என்று தெரிய வேண்டுமென்றால் கடிதத்துக்குத்தான் போக வேண்டும்.

ஈப்போ: நம் பக்கத்து ஆட்கள் யாரும் அந்த உலகத்தில் இல்லையா?

ஏன் இல்லை? மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த தெலுங்கர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து தசைக்கு உடனடிச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தவர், 1927-ல். அதே சமயம் லண்டனில் எக்கிள்டன் தம்பதியும் அதே பொருளை எட்டியிருந்தார்கள்.

செந்தூல், மறுபடியும்: அண்ணே, பெட்டிக்குள் ராமபாணப் பூச்சி ஓடுகிறது. பூஞ்சையும் இருக்கிறது.

நம் ஊர் ஈரத்துக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றாடும் நிழலில் காய வையுங்கள். வெயிலில் வேண்டாம், ஈரத்துணி வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டலாம். பூச்சி அரித்த கட்டுகளை, நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும், பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் மூடி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் தாள் வியர்த்துவிடும். துருப்பிடித்த கிளிப்பை இழுக்காதீர்கள், மெல்ல விரித்து எடுங்கள். செலோடேப், லேமினேட் இரண்டையும் மறந்துவிடுங்கள். பழுப்பேறிக் கறுத்துக்கொண்டே வரும் வழவழப்பான நகல் இருந்தால் அது வெப்பத்தில் எடுத்தது. அதை இன்றே படம் எடுத்துவிடுங்கள்.

பெட்டாலிங் ஜெயா: படம் எடுத்ததை முகநூலில் போடலாமா?

தாள் குடும்பத்துக்குச் சொந்தம், அதில் எழுதிய வார்த்தை எழுதியவருக்குச் சொந்தம். நம் 1987-ஆம் வருஷச் சட்டப்படி பொதுவாக ஆசிரியர் இறந்து 50 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. அவர் இருந்தவரை வெளியிடப்படாததென்றால் கணக்கு முதலில் வெளியான வருஷத்திலிருந்து ஆரம்பிக்கும். பெரியப்பா எழுதியதற்கு அவர் வாரிசுகளைக் கேளுங்கள். மற்றவர்கள் கடிதத்தில் யாருடைய நோய், யாருடைய வேலை பறிபோனது என்றெல்லாம் இருக்கும், அதை முகநூலில் போட வேண்டாம்.

செந்தூல்: சரி அண்ணே, கடைசியில் யாரிடம் கொடுப்பது?

அவர் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தை முதலில் கேளுங்கள், அப்புறம் கோலாலம்பூரிலேயே இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தை. கொடுக்கும் முன் பெட்டி வாரியாக ஒரு பட்டியல் போட்டு, எந்தக் கடிதங்களை எத்தனை வருஷம் திறக்கக்கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். எண் போடுவதென்றால் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலால் போடுங்கள், பேனா வேண்டாம்.