18 பவுனும் மகளின் பட்டப்படிப்பும்

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். 4 ஏக்கர் நஞ்சை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூ கணிதம்-உயிரியல் குரூப்பில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். சுற்றுச்சூழல்தான் படிப்பேன் என்கிறாள். பெங்களூரில் இருக்கும் என் மச்சான், அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 'சஸ்டெய்னபிலிட்டி' (நிலைத்த வளர்ச்சி) பட்டப்படிப்பு இருக்கிறது, இனி எல்லாமே அதுதான் என்று சொல்லி 25,000 முன்பணமும் கட்டிவிட்டார். ஃபீஸ், ஹாஸ்டல் சேர்த்து வருடம் 4.5 லட்சம், 3 வருடம். 18 பவுன் நகை வங்கியில் அடகில் இருக்கிறது. வருகிற ஆடியில் 6,06,000 கட்ட வேண்டும். பவுன் விலை ஏறியிருப்பதால் திருப்பி வைத்தால், அதாவது மீட்டு உடனே மறுபடி அடகு வைத்தால், கூடுதலாக 4.5 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள். கையில் 1,20,000 வைத்திருக்கிறேன். இந்தப் படிப்பை நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் 'திருப்பி வைத்தால்' என்ற சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விவரத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முன் போர் மோட்டாருக்கும் சம்பா செலவுக்கும் 3 லட்சம். இரண்டு வருடம் கழித்து அக்கா மகனை சிங்கப்பூர் அனுப்ப 75,000. அடுத்த வருடம் தங்கை மகள் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் 40,000. ஆக உங்கள் கைக்கு வந்தது 4,15,000. இந்த ஆடியில் கட்ட வேண்டியது 6,06,000. நடுவில் இருக்கும் 1,91,000 முழுக்க வட்டி, 9 சதவீதத்தில். அதில் ஒரு ரூபாய்கூட நீங்கள் கையிலிருந்து கட்டவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் பவுன் விலை ஏறியிருந்தது, கூடுதலாகக் கிடைத்த பணத்தில் பழைய வட்டியை அடைத்தீர்கள். பவுன் ஏறியது உங்களுக்கு லாபம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ஏற்றத்தை வருடா வருடம் வட்டியாகத் தின்றாகிவிட்டது.

இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வங்கிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் சின்ன நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் முழுத்தொகையையும் கைமாற்றாக வாங்கி, உள்ளே போய்க் கடனை அடைப்பார்கள். நகையை மதிப்பிடும் அப்ரைசர் பொட்டலத்தைப் பிரித்து, அதே வளையலை மறுபடி உரைகல்லில் உரசி, எடை போட்டு, புதுப் பொட்டலத்துக்குச் சீல் வைப்பார். மதியத்துக்குள் நோட்டுக்காரருக்குப் பணம் திரும்பிவிடும், லட்சத்துக்கு 1,000 சேர்த்து. உங்கள் ஐந்து வருடத்துக்கு அதுவே ஏறக்குறைய 23,000. நகை வீட்டு வாசலைப் பார்க்கவே இல்லை.

இதே வழியில் மகளைப் படிக்க வைத்தால் என்ன ஆகும்? 6.06 லட்சத்தோடு முதல் வருடம் 4.5 லட்சம் சேர்த்தால் 10.56. அடுத்த ஆடியில் வட்டியோடு 11.5, அதோடு இன்னொரு 4.5, ஆக 16. மூன்றாம் வருடமும் இப்படியே போய், அவள் பட்டம் வாங்கும்போது கடன் ஏறக்குறைய 24 லட்சம். அதற்கு வட்டி மட்டும் மாதம் 18,000. முதல் வேலையில் மாதம் 25,000 வாங்குகிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, வாடகை போக அவளிடம் என்ன மிஞ்சும்?

அந்த அளவுக்கு வங்கி கொடுக்குமா என்பதும் சந்தேகம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, இதுபோன்ற வீட்டுத் தேவைக்கு 5 லட்சத்துக்கு மேல் வாங்கும் நகைக்கடன், நகை மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே தடவையாக அடைக்கும் ஓராண்டுக் கடனைப் புதுப்பிக்க, சேர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டும். 24 லட்சத்துக்கு உங்கள் 18 பவுன் 32 லட்சம் போக வேண்டும், அதாவது பவுன் 1,78,000. போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை நம்பி ஒரு பெண்ணின் மூன்று வருடப் படிப்பைத் தொடங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி படிப்பு. உங்கள் மகளின் ஆசை வீண் ஆசை இல்லை. கஜா புயல் 2018 நவம்பரில் வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. வீட்டைச் சுற்றித் தென்னை சாய்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பாள். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரையும் வடுவூர் ஏரியும் எட்டிப்பிடிக்கும் தூரம். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிறது. டெல்டாவை 2020இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியிருக்கிறோம். அந்த மண்ணையும் தண்ணீரையும் அளந்து சொல்ல இந்த ஊர்ப் பிள்ளைகள் வேண்டும். அவள் படிக்கட்டும்.

ஆனால் மூன்று வருடப் பட்டத்தின் பெயரிலேயே 'சஸ்டெய்னபிலிட்டி' என்று எழுதியிருப்பதற்காக 13.5 லட்சம் கொடுக்கத் தேவையில்லை. பிரசுரத்தில் கார்பன் கிரெடிட், பசுமைப் பொருளாதாரம் என்றெல்லாம் இருக்கும். வேலை கொடுப்பவர் கேட்பது வேறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பொறியியல் பட்டமோ அறிவியலில் முதுநிலையோ வேண்டும். மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், தண்ணீரைச் சோதிக்கத் தெரியுமா, மண்ணைப் படிக்கத் தெரியுமா, வரைபட மென்பொருள் தெரியுமா என்று பார்க்கின்றன. பங்குச் சந்தையில் முதல் 1,000 இடத்திலுள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும் என்று, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால் வேலை பெருகியிருப்பது உண்மைதான். அங்கேயும் முதலில் கணக்கும் அறிவியலும்தான் நிற்கும்.

அதனால் நான் சொல்லும் வழி: இளநிலையில் வேதியியல், தாவரவியல், புவியியல் போன்ற அடிப்படைப் பாடம் ஒன்று, முதுநிலையில் சுற்றுச்சூழல். முதல் மூன்று வருடத்துக்கு மன்னார்குடியிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது, திருவாரூரில் இருக்கிறது, கும்பகோணத்திலும் இருக்கிறது. ஃபீஸ் உங்களுக்குப் பாரமாகவே தெரியாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். பிறகு திருச்சி பாரதிதாசனிலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுச்சூழல் முதுநிலை இருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று எனக்கு வருத்தம். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. பொறியியலிலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் என்று பி.டெக் இருக்கிறது, அவளுடைய குரூப்புக்குப் பொருந்தும். முதலில் அதற்கு விண்ணப்பித்தாளா என்று கேளுங்கள். மச்சான் நல்ல மனதோடுதான் முன்பணம் கட்டியிருப்பார். ஆனால் கடன் உங்கள் பெயரில், நகை உங்கள் மனைவியுடையது. சேர்க்கையை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றாலும் 25,000 போகட்டும், அதைக் காப்பாற்ற 13 லட்சத்தில் இறங்க வேண்டாம்.

முதுநிலைக்குப் பணம் தேவைப்பட்டால் கல்விக்கடன் வாங்குங்கள். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக்கடன் திட்டப் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு அந்தத் தவணையில்லாக் காலத்தில் வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கும். பல வருடப் படிப்பை ஓராண்டு நகைக்கடனில் ஓட்டுவதுதான் தப்பு.

இந்த ஆடிக்கு வருவோம். கையில் இருக்கும் 1,20,000இல் 50,000 எடுத்து இந்த வருட வட்டியைக் கட்டுங்கள். மிச்சம் அசல் 5,56,000. அதை ஒரே பொட்டலமாக வைக்காமல் 6 பவுன் வீதம் மூன்று தனிக் கடனாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 1,85,000 அளவில் இருக்கும். நோட்டுக்காரரிடம் போவது இதுவே கடைசி முறையாக இருக்கட்டும். கூடுதல் தருகிறோம் என்று மேனேஜர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறுவை நெல் பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்கில் ஏறியதும் முதல் கடனில் பாதி, தை அறுப்பில் மீதி. முதல் 6 பவுன் வீட்டுக்கு வரும். ஒரே கடனாக இருக்கிறவரை அறுப்புப் பணத்தில் ஒரு மோதிரம்கூட மீட்க முடியாது, அதனால்தான் அந்தப் பணம் வேறு வேறு செலவுக்குக் கரைந்துவிடுகிறது.

அக்காவும் தங்கையும் அடுத்து கேட்கும்போது, மூன்று பொட்டலமும் வெளியே வரும்வரை இல்லை என்று உங்கள் மனைவியை வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

இன்னொன்று. சம்பா செலவுக்கு ஏன் நகை? கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. அங்கே அலைச்சல் என்று அனுப்பிய விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 9 சதவீதம் கட்டுவதைவிட இரண்டு நாள் அலைவது மேல். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நான்கையும் நகலெடுத்துக்கொண்டு இந்த வாரமே சங்கத்துக்குப் போங்கள்.