கழுவாத திராட்சையில் புரோபயாடிக் இருக்கிறதா?

பழத்தோலில் லாக்டிக் அமில பாக்டீரியா (பாலைத் தயிராக்கும் வகை) இருக்கிறது என்கிறார்களே, அப்படியானால் பழத்தைக் கழுவாமல் தின்றால் புரோபயாடிக் பலன், அதாவது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களின் பலன், கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. அவை இருப்பது உண்மைதான். ஆனால் ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் நடுவே சிறுபான்மையாக, கிராமுக்குப் பெரும்பாலும் சில நூறிலிருந்து பத்தாயிரம் வரைதான் இருக்கின்றன. புரோபயாடிக் ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு 100 கோடியும் அதற்கு மேலும் கொடுப்பது வழக்கம். கிராமுக்கு 10,000 என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் நீங்கள் 100 கிலோ பழம் தின்றாக வேண்டும்.

முதுகலையில் நுண்ணுயிரியல் படித்தபோது பன்னீர் திராட்சையை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்தேன். நசுக்கிய பழச்சாற்றை நீர்க்கச் செய்து, கால்சியம் கார்பனேட் கலந்த எம்.ஆர்.எஸ். அகர் (இந்த பாக்டீரியாவை வளர்க்க உதவும், குளுக்கோஸ் உள்ள ஊட்டக்கூழ்) தட்டில் பரப்பி, 30 டிகிரியில் இரண்டு நாள் வைத்தபோது, பால்போல் வெளுத்திருந்த தட்டில் அமிலம் சுரந்த காலனிகளை (பாக்டீரியா பெருகி உருவான புள்ளிகளை) சுற்றி மட்டும் கார்பனேட் கரைந்து கண்ணாடிபோல் தெளிந்த வளையங்கள் தோன்றின. அதைப் பார்த்ததுமே புரோபயாடிக்கைக் கண்டுபிடித்துவிட்டதாக நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். இரைப்பையைப் போன்ற பி.எச். 2 அமிலத்தில் மூன்று மணி நேரம் வைத்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோயின. (பழத்திலேயே வாழும் ஃபிரக்டோபேசில்லஸ் போன்றவை குளுக்கோஸில் சரியாக வளராதவை, அவை என் தட்டில் தலைகாட்டியே இருக்காது.)

அமிலத்தைத் தாங்கியவையும் பித்த உப்பைத் தாங்க வேண்டும், குடல் செல்களில் ஒட்ட வேண்டும், ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களைப் பிற கிருமிகளுக்குக் கடத்தாதவையாக இருக்க வேண்டும். இத்தனையும் தேறினாலும் அதற்குப் பெயர் 'புரோபயாடிக் ஆகக்கூடியது' என்பதுதான்; மனிதர்களிடம் பலன் காட்டிய பிறகே முழுப் பெயர் கிடைக்கும்.

அந்தப் பலனும் குறிப்பிட்ட ஸ்ட்ரெயினுக்கு (ஒரே இனத்துக்குள் உள்ள தனி உள்வகைக்கு) மட்டுமே உரியது. ஒடிசாவில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவின் ஒரு ஸ்ட்ரெயினை அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையுடன் ஏழு நாள் கொடுத்ததில், செப்சிஸும் (தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) இறப்பும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்தன. பழங்களிலும் பிளான்டாரம் அடிக்கடி கிடைக்கிறது. அதற்காகத் திராட்சையில் கிடைத்த பிளான்டாரமும் அதையே செய்யும் என்று சொல்லிவிட முடியாது. புதிய ஸ்ட்ரெயின்களைத் தேடும் ஆய்வாளருக்குப் பழத்தோல் நல்ல இடம். வீட்டில் தின்பவர், தோட்டத்தில் தெளித்த மருந்தும் வயிற்றுப்போக்குக் கிருமியும் அதே தோலில்தான் இருக்கும் என்பதால், கழுவியே தின்ன வேண்டும்.